ஐஸ் பெட்டியில் போன இரத்தம்

உங்களுக்கு எல்.டி.எச். என்றொரு இரத்தப் பரிசோதனையை டொக்டர் எழுதித் தந்தால், முடிவு வந்த கையோடு போனைத் திறந்து தேடாதீர்கள். நான் தேடினேன். அந்தக் கையளவுக் கண்ணாடிக்குள் எனக்கு இல்லாத வியாதி ஒன்றுகூட இல்லை. இருதயம், ஈரல், சுவாசப்பை, எலும்புக்குள் இருக்கும் மச்சை என்று உடம்பில் ஒரு மூலை விடாமல் எல்லாமே முற்றிப்போயிருந்தன. வாசித்து முடித்தபோது, இவ்வளவு நாளும் நான் எப்படி உயிரோடு இருந்தேன் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நான் பிழைத்துவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதறிக்கொண்டு வாசிக்க வேண்டாம்; பதற வேண்டியதையெல்லாம் நானே பதறி முடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பரிசோதனை அன்றைக்கு என் இரத்தத்தில் மட்டும் செய்யப்படவில்லை. பக்கத்துக் கட்டில்காரருடைய இரத்தமும் என்னுடையதோடு ஒரே பெட்டியில் போனது. அவரை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள ஒன்று. அங்கே கெட்டவர்கள் யாரும் இருக்கவில்லை, களைத்தவர்கள்தான் இருந்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். ரயில்வேயில் பார்சல் கிளாக்கராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, ஊர் திரும்ப வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இங்கேயே பென்சன் எடுத்தவன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு. பின்பக்கம் சரிவாக இறங்கி ஓர் ஓடைக்கரையில் முடியும். மனைவி இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் நோர்வேயில். சமையல் தெரியும், தைக்கத் தெரியும், பாட்டும் கொஞ்சம் வரும். தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பழகவில்லை என்று காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது.

காய்ச்சல் பின்னேரம் வரும், காலையில் போய்விடும். அரசாங்க உத்தியோகத்தன்கூட அவ்வளவு ஒழுங்காக வரமாட்டான். கழுத்தின் இடது பக்கத்தில் நெறி கட்டியது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிவந்தது. கட்டுகஸ்தோட்டை டொக்டர் ஒரு குளிசையைத் தந்து பார்த்தார், பிறகு வேறொன்றைத் தந்தார், பிறகு கடிதம் எழுதித் தந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஒரு பையில் இரண்டு சாரமும் துவாயும் கோப்பையும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வாட்டில் சேர்க்கும்போது நேர்ஸ் பிள்ளை சிங்களத்தில் கேட்டாள், கூட வந்தது யார் என்று. நானேதான் என்றேன். அவசரம் ஏதும் நடந்தால் அறிவிக்க ஒரு இலக்கம் வேண்டும் என்றாள். மகளின் இலக்கத்தைச் சொன்னேன். வெளிநாட்டு இலக்கம் சரிவராது, இங்கே உள்ளது ஒன்றைத் தாருங்கள் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னுடைய இலக்கத்தையே கொடுத்தேன். எனக்கு ஏதும் நடந்துவிட்டால் எனக்கே கோல் எடுத்து ஆறுதல் சொல்வார்கள். அப்போது சிரித்தேன். கட்டிலில் ஏறிப் படுத்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

மகளுக்குச் சொல்லவில்லை. அவள் வயிற்றில் பிள்ளை. அதிகம் நடமாடவே வேண்டாம் என்று அங்கேயுள்ள டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் என்று தெரிந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறிவிடுவாள், பிடிவாதத்தில் அவளுடைய தாயைப் போலவே. அதனால் போனில் கமரா பழுதாகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். பின்னால் யார் இருமுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டாள். பஸ்ஸில் போகிறேன் என்றேன். படுத்த படுக்கையில் நான் போன அளவுக்கு ஓய்வுபெற்ற பிறகு பஸ்ஸில் போனதே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசியைவிடக் கொடுமையானது பார்வையாளர் நேரம். மணி அடித்ததும் கதவு திறக்கும், சனம் வெள்ளமாக வரும். சோற்றுப் பார்சல், தோடம்பழம், சுடுதண்ணீர்ப் போத்தல், அழுகிற பிள்ளை, அதட்டுகிற மாமி. ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையை மற்றவர்கள் "எடுக்கலாமா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூங்கத் தொடங்கினேன். தூங்குகிற மனிதனிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

என் நடிப்பைக் கண்டுபிடித்தவள் புவனா. பக்கத்துக் கட்டில் செல்வராஜின் மனைவி. கண்டி மஹய்யாவைக் குடும்பம். செல்வராஜ் லொறி டயர் மாற்றும் கடையில் வேலை செய்கிறவர், நாற்பது வயதுக்குள், பேச்சுக் குறைவு. என்னைப் போலவே நீண்ட காய்ச்சல், அக்குளில் நெறி, இரவில் உடுப்பு நனைகிற வியர்வை. புவனா கட்டுகஸ்தோட்டையில் ஒரு மீன் கடையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் வாடை போகாது என்று தூரத்தில் நின்றே கதைப்பாள்.

"ஐயா, எந்திரிங்க. தூங்கலன்னு எனக்குத் தெரியும்."

நான் அசையவில்லை.

"கால் வெரல் ஆடுதுங்க ஐயா. தூங்குற ஆளுக்கு ஆடாது. ரொட்டி கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கு, சாப்பிடுங்க."

இனிமேல் நடித்துப் பயனில்லை என்று எழுந்து உட்கார்ந்தேன். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். நாக்கில் ருசியே இல்லாத அந்த நாட்களில் அந்த உறைப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பு என்று சொன்னேன்.

எங்கள் வாட்டு டொக்டர் நஸ்லியா. திகனை ஊர்ப் பிள்ளை, இப்போதுதான் படித்து முடித்து வந்தவள். ஒரு பின்னேரம் வந்து எங்கள் இருவருடைய கட்டிலுக்கும் நடுவில் நின்றாள்.

"அங்கிள், உங்களுக்கும் இவருக்கும் எல்.டி.எச். ஒன்டு பாக்கோணும். எங்கட லாப்ல அதுக்குரிய மருந்து முடிஞ்சிட்டு, வர ரெண்டு மூணு நாளாகும். வெளியில செய்யலாம். காலையில நாங்க இரத்தம் எடுத்துத் தருவோம், டவுனுக்குக் கொண்டுபோக ஆள் இரிக்கா?"

செல்வராஜ் மனைவியைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயாவோடதையும் நானே கொண்டுபோறேங்க மிஸ்," என்றாள் புவனா. "ரெண்டையும் ஒன்னாவே குடுத்துடுறேன்."

"அப்ப நல்லம். வெயில், சூடு படாமக் கொண்டுபோங்க. சொணங்க வாணாம், உடனே குடுங்க."

டொக்டர் அவ்வளவுதான் சொன்னாள். சூடு படாமல் என்றதை எங்கள் இரண்டு பேருடைய மண்டையும் எப்படி எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். புவனாவுக்கு அது மீன். எனக்கு அது பார்சல். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற மீன் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஐஸ் குறைவாகப் போட்ட பெட்டி வழியிலேயே நாறி, வாங்க வேண்டியவன் வந்து என் மேசையில் குத்துவான். கெடக்கூடிய பொருள் என்றால் ஐஸ். ஐஸ் நின்று பிடிக்க வேண்டுமென்றால் உப்பு. இதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

"கடையில வெள்ளையா லேசா இருக்குமே, சின்ன ரெஜிபோம் பொட்டி ஒன்னு இருக்குங்க. நல்லா கழுவி எடுத்தாறேன். ஐஸும் மொதலாளி தருவாரு."

"கல்லுப்பு ஒரு பிடி தூவு பிள்ளை. அப்பதான் குளிர் பிடிச்சு நிக்கும்."

"அது தெரியுங்க ஐயா. நாங்க பாறை மீனுக்கு அப்படித்தான் போடுவோம்."

மறுநாள் காலை பெட்டியோடு வந்துவிட்டாள். சோப்பு வாசம் வந்தது, மீன் வாசம் வரவேயில்லை. புதுப் பொலித்தீன் விரித்து, ஐஸைப் பொடியாக உடைத்து, உப்பும் போட்டு, எங்கள் பெயர் ஒட்டிய இரண்டு குழாய்களையும் கழுத்துவரைக்கும் புதைத்தாள். பிள்ளையைத் தூளியில் கிடத்துகிறவள்கூட அவ்வளவு பக்குவமாகக் கிடத்தமாட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் சேவைக்காலத்தில் அவ்வளவு ஒழுங்காகக் கட்டிய பார்சலை நான் கண்டதில்லை. பாலத்தடியில் வாகன நெரிசலில் பஸ் நெடுநேரம் நின்றுவிட்டதாம். பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை என்று பிறகு சொன்னாள்.

முடிவு பின்னேரம் வந்தது. சாதாரணமாக இருநூற்றைம்பது அளவுக்குள் இருக்க வேண்டுமாம், லாப்புக்கு லாப் கொஞ்சம் வித்தியாசப்படும். எனக்குத் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது. செல்வராஜுக்கு அதைவிடவும் கூட.

டொக்டர் நஸ்லியா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்தினாள். என் கட்டிலடியில் ஓர் ஆள் கதிரை போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எல்.டி.எச். என்பது உடம்பிலுள்ள அநேகமான உயிரணுக்களுக்குள் இருக்கிற ஒரு நொதியம். சீனியை எரித்து சக்தி எடுக்க உதவுகிறது. அது அணுவுக்குள் இருக்கும்வரை நல்லது. அணு உடைந்தால் வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தில் அது கூடியிருந்தால், எங்கேயோ அணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உடைகின்றன என்று அர்த்தம். எங்கே, ஏன் என்பதை அது சொல்லாது. கிருமியாக இருக்கலாம், ஈரலாக இருக்கலாம், தசை அடிபட்டிருக்கலாம், சில வகைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எனக்கு உடனே விளங்கியது. ரயில் பிளாட்ஃபோமில் சீனி கொட்டிக் கிடந்தால் ஏதோ ஒரு மூட்டை கிழிந்துவிட்டது என்று தெரியும். எந்தப் பெட்டியில் எந்த மூட்டை என்று ஏறித் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"அப்ப தேடுவீங்களோ பிள்ளை?"

"ஓ அங்கிள். நெறியில சின்னத் துண்டு எடுத்துப் பாக்க வேண்டி வரும். போயா லீவு முடிஞ்சு பெரிய டொக்டர் வந்து சொல்லுவாரு. இத மட்டும் வெச்சு ஒன்டும் சொல்லேலா, பயப்புட வாணாம்."

பயப்பட வேண்டாம் என்று டொக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவள் போனதும் போனைத் திறந்தேன். மிச்சத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

அந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறை எனக்கு முடியவே இல்லை. விகாரைக்குப் போய்விட்டு வெள்ளை உடுப்போடு சனம் வாட்டுக்கு வந்தது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. செத்துப்போகப் பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதுவல்ல பயம். என் உடம்பில் எங்கேயோ ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது, அதை நேரே சொல்ல ஒரு முகம்கூட இல்லை என்பதுதான் என் பயம். மகளுக்கு ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதி, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று மட்டும் அனுப்பினேன். "ஓம் அப்பா, நீங்கள்?" என்று பதில் வந்தது. நீங்கள் என்ற அந்தச் சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புவனா அன்றைக்கு வந்ததிலிருந்து கணவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். போகும்போது என் போர்வையையும் இழுத்து ஒழுங்காக மூடிவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து பெரிய டொக்டர் வந்தார். பின்னால் மாணவர்கள் ஒரு கூட்டம். என் முடிவைப் பார்த்தார். செல்வராஜின் முடிவைப் பார்த்தார். பிறகு இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டொக்டர் நஸ்லியாவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் என்னிடம் திரும்பினாள்.

"அங்கிள், ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே லாப், ரெண்டும் இவ்வளவு கூட. இரத்தத்த எப்பிடிக் கொண்டுபோனீங்கன்டு சேர் கேக்குறாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரயில்வேயின் மானம் என் கையில். ரெஜிபோம் பெட்டி, பொடித்த ஐஸ், கல்லுப்பு, கழுத்துவரைக்கும் புதைத்தது, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். டொக்டர் நஸ்லியா மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் உப்பு என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். மாணவர்கள் சிரித்தார்கள். பெரிய டொக்டரும் சிரித்தார். ஆனால் என் தோளில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுங்குளிர். குழாய்க்குள் இருந்த இரத்தம் பனிக்கட்டியாக உறைந்துபோயிருக்க வேண்டும். உறைந்தால் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் வெடிக்கும். அந்தச் சிவப்பணுக்களுக்குள்ளும் எல்.டி.எச். நிறைய இருக்கிறது. அப்படியென்றால் உடைந்தது என் உடம்புக்குள் அல்ல, பஸ்ஸில், புவனாவின் மடியில், நான் சொன்ன உப்புக்குள். இந்தப் பரிசோதனைக்குக் குழாயைக் குலுக்காமல், நிமிர்த்தி, சாதாரண வெப்பத்தில், சுணங்காமல் கொண்டுபோனாலே போதுமாம். சட்டைப்பையே போதும் என்றாள் டொக்டர் நஸ்லியா. நான் பார்சல் கட்டத் தெரிந்தவன் என்று இனிமேல் யாரிடமும் சொல்வதாக இல்லை.

பெரிய டொக்டர் அதோடு விடவில்லை. என் கழுத்து நெறியைத் தடவிக்கொண்டே மேலே போய், வெட்டாமல் வளர்ந்திருந்த முடியை விலக்கி, இடது காதை மடித்துப் பார்த்தார். மாணவர்களை அருகில் கூப்பிட்டார். டொக்டர் நஸ்லியா போனில் படம் பிடித்து எனக்குக் காட்டினாள். காதுக்குப் பின்னால், சிகரெட்டால் சுட்டது போல, வட்டமாக ஒரு கறுப்புப் பொருக்கு.

"இது எவ்வளவு நாளா இரிக்கி அங்கிள்?"

"பரு எண்டு நினைச்சன். சொறிஞ்சனான்."

"புல்லு, பத்தைக்குள்ள போனீங்களா?"

ஓடைக்கரையில் புல் வெட்டியதைச் சொன்னேன். உண்ணிக் காய்ச்சல் என்றார் பெரிய டொக்டர். புல்லுக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி கடித்தால் வருவது. அதற்கென்று குளிசை இருக்கிறது. பிறகு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். டொக்டர் நஸ்லியா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள், ஆனால் எனக்குச் சிங்களம் தெரியும். வீட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

தன் காதின் பின்பக்கத்தைத் தானே பார்க்க எந்த மனிதனுக்கும் முடியாது. என் மனைவி இருந்திருந்தால் அது வந்த அன்றைக்கு மாலையே, "என்னப்பா இது, காதடியில?" என்று என் தலையைத் திருப்பியிருப்பாள். இத்தனை வாரக் காய்ச்சலும் எனக்கு இல்லாமல் போயிருக்கும். இல்லை சேர், யாரும் பார்க்கவில்லை என்றேன்.

அன்று மாலை புவனா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஐயோ, நானே கெடுத்துப்புட்டேனா ஐயா?"

"நீயில்லை பிள்ளை. உப்பு நான் சொன்னது. பழி ரயில்வேக்கு."

அவள் சிரிக்கவில்லை. செல்வராஜின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"அப்ப இவருக்கும் பொய்தானுங்களே? ஒரே பொட்டிதானே?"

பக்கத்தில் செல்வராஜ் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். தெரியாது, திரும்பச் செய்து பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் நஸ்லியா என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஆனால் நல்ல செய்தி கேட்ட மனிதனுக்கு வாய் நிற்காது.

"ஓம் பிள்ளை," என்றேன். "அதுவும் பொய்யாத்தான் இருக்கும்."

புவனா இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் எங்கள் இருவருக்கும் பாற்சோறு செய்து கொண்டுவந்தாள். செல்வராஜ் அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னோடு பேசினார். லொறி டயரை எப்படிக் கழற்றுவது என்று விளக்கினார். நான் கேட்கவேயில்லை, ஆனால் முழுவதும் கேட்டேன்.

திரும்பவும் இரத்தம் எடுத்தார்கள். இந்த முறை புவனா இரண்டு குழாய்களையும் ஒரு கோப்பைக்குள் நிமிர்த்தி வைத்து, கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். குளிசை தொடங்கிய அடுத்த நாளே எனக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது. முடிவு வந்தபோது என்னுடையது எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது, காய்ச்சலுக்கு அந்தளவு இருக்கும் என்றார்கள். செல்வராஜுடையது முதல் வந்த எண்ணிலிருந்து அதிகம் இறங்கவில்லை.

அவருடைய அக்குள் நெறியில் துண்டு எடுத்தார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் என்று வந்தது. மருந்து ஏற்றினால் கேட்கக்கூடிய வகை, நேரத்தோடு கண்டுபிடித்திருக்கிறோம் என்று டொக்டர் நஸ்லியா சொன்னாள். இனி எல்.டி.எச்சை அடிக்கடி பார்ப்பார்கள், மருந்து வேலை செய்தால் அது இறங்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள். நோயைக் கண்டுபிடிப்பதைவிட, நோய் போகிறதா என்று பார்க்கத்தான் அது கூடுதலாக உதவுமாம்.

அன்று நான் வீட்டுக்குப் போகிற நாள். சாரத்தையும் கோப்பையையும் பையில் வைத்துவிட்டு, எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். புவனா வந்து என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போலத் தூரத்தில் நிற்கவில்லை.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது பிள்ளை."

"இல்லீங்க ஐயா." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐஸ்ல வச்சப்பவே நல்லா இருந்துச்சு. அது பொய்யின்னு சொல்ல ஒரு காரணமாச்சும் இருந்துச்சு. இப்ப ஒன்னுமே இல்லீங்களே."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். செல்வராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தபோது உள்ளே பூட்டிக் கிடந்த காற்றுத்தான் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எப்போது வீடு போவேன் என்று கிடந்தவன், வீட்டில் இருந்துகொண்டு பார்வையாளர் மணி அடிக்கும் நேரத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஏசினாள், பிறகு அழுதாள், பிறகு கமராவைப் போடச் சொன்னாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போனைப் பின்னால் பிடித்து இரண்டு காதடியையும் அவளுக்குக் காட்ட வேண்டும். "வலது காது இன்னும் கிட்ட, அப்பா," என்பாள். என் வீட்டில் இவ்வளவு காலத்துக்குப் பிறகு என் பின்பக்கத்தைப் பார்க்க ஓர் ஆள் வந்திருக்கிறது.

செல்வராஜுக்கு மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். புவனா கடையில் நிறைய நாள் லீவு போட்டுவிட்டாள், இனியும் போட்டால் வேலை போய்விடும். இந்த முறையும் எல்.டி.எச். வெளியில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். டவுனுக்கு நான் கொண்டுபோகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்வாளோ என்று பயந்தேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உப்பு மட்டும் போட்டுறாதீங்க ஐயா," என்றாள்.

காலையில் வாட்டுக்குப் போய்க் குழாயை வாங்கினேன். சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்து, மேலே கையைப் பொத்திக்கொண்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை, கம்பியில் சாய்ந்தபடி நின்றேன். குழாய் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அந்த மனிதனுடைய சூடு இன்னும் ஆறவில்லை. நெஞ்சில் பட்டுக்கொண்டே வந்தது. யாராவது இடித்துவிடுவார்களோ என்று எல்லோரையும் முறைத்துக்கொண்டு போனேன்.

லாப்பில் இருந்த பிள்ளை பெயரையும் வயதையும் பதிந்துவிட்டுக் கேட்டாள், "பேஷன்ட் உங்களுக்கு என்ன முறை?"

என்ன முறை என்று எனக்கும் தெரியவில்லை. "பக்கத்துக் கட்டில்," என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.

பின்னேரம் வந்து முடிவை எடுக்கலாம் என்றாள். நான் போகவில்லை. அங்கேயே கதிரையில் இருந்தேன். கதிரையை எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள், இல்லை, ஆள் இருக்கிறது என்றேன்.

முடிவு கையில் வந்ததும் புவனாவுக்குக் கோல் எடுத்தேன். பின்னால் கத்தி பலகையில் வெட்டும் சத்தம் கேட்டது, பிறகு அந்தச் சத்தம் நின்றது. இந்த முறை வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். எண்ணை மட்டும் வாசித்தேன்.

"போன தடவைய விட கம்மியா ஐயா?"

"ஓம். அரைவாசிக்குக் கிட்ட இறங்கியிருக்கு. டொக்டர் பாத்துத்தான் மிச்சம் சொல்லோணும்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. கடையில் யாரோ மீனின் விலை கேட்டார்கள்.

"நம்பலாமுங்களா ஐயா?"

"நம்பலாம் பிள்ளை," என்றேன். "ஐஸ் வைக்கேல்லை."